வளரிளம் பருவத்து உடம்பும் உரிமையும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம், உண்டு உறைவிட விடுதி, எஸ்டேட் லைன் வீடு, ஹட்டி (படுகர் ஊர்) என்று நீலகிரியில் எங்கே வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறோம். டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டிய ஊர்கள் இங்கே நிறைய. அதனால் எது இயல்பு, எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்கிறோம்.

1. எனக்கு 14 முடியப்போகுது. கிளாஸ்ல எல்லாரும் வயசுக்கு வந்துட்டாங்க, நான் மட்டும் வரல. எனக்கு ஏதாவது குறையா?

பெரும்பாலும் இல்லை. 10 முதல் 15 வயதுக்குள் எப்போது வந்தாலும் இயல்புதான். மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். உங்கள் கணக்கை அதிலிருந்து போடுங்கள், பக்கத்து பெஞ்சுப் பெண்ணை வைத்துப் போடாதீர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ தாமதமாகியிருந்தால் உங்களுக்கும் தாமதமாகலாம். சத்துக்குறைவும் நீண்ட நாள் நோயும்கூடத் தள்ளிப்போடும்.

13 வயது முடிந்தும் மார்பு வளரத் தொடங்கவில்லை, 15 முடிந்தும் மாதவிடாய் இல்லை, மார்பு வளர்ந்து மூன்று ஆண்டாகியும் வரவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்து ரத்தம் வராமல் இருந்தால் 15 வரை காத்திருக்க வேண்டாம். வெளியேறும் வழி சவ்வால் அடைபட்டிருக்கலாம். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ரத்தம் உள்ளேயே தேங்கும்.

2. நான் பையன், வயசு 13. ஒரு பக்க மார்புல கட்டி மாதிரி இருக்கு, தொட்டா வலிக்குது.

இந்த வயதில் பல பையன்களுக்கு வருவதுதான். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் காம்புக்கு அடியில் ஒரு நாணயம் அளவுக்குக் கெட்டியாகும். ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானாகவே வற்றிவிடும். அழுத்திப் பார்க்காதீர்கள், எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் வந்தாலோ காட்டுங்கள். ஒரு விதை மற்றதைவிடக் கீழே தொங்குவதும் இயல்பே. 14 வயது முடிந்தும் விதை பெரிதாகத் தொடங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

3. தூக்கத்துல விந்து வெளியாகுது. ஒரு சொட்டு விந்து நூறு சொட்டு ரத்தத்துக்குச் சமம்னு சொல்றாங்க. உடம்பு வீணாப்போயிடுமா?

போகாது. ரத்தத்துக்கும் விந்துக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது. உடம்பு தொடர்ந்து விந்தை உண்டாக்குகிறது, நிறைந்ததைத் தூக்கத்தில் வெளியேற்றுகிறது. சுயஇன்பத்தால் கண் மங்காது, முதுகு வளையாது, பிறகு குழந்தை பிறப்பதும் தடைபடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: படிப்பு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதிலேயே மூழ்குவதாகத் தோன்றினால் ஆலோசகரிடம் பேசலாம்.

மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை எடுத்து “நரம்புத் தளர்ச்சிக்கு” லேகியம் விற்பவர்கள் இந்தப் பயத்தைத்தான் விற்கிறார்கள். இல்லாத நோய்க்குப் பணம் கொடுக்காதீர்கள்.

4. கிரிக்கெட் விளையாடி வந்த ராத்திரி திடீர்னு விதைப்பையில தாங்க முடியாத வலி. காலையில பாத்துக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்திலேயே மிக அவசரமான பதில் இதுதான். விதைக்குப் போகும் ரத்தக்குழாய் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அடிபட்டிருக்க வேண்டும் என்று இல்லை, தூக்கத்திலும் நடக்கும். வலி, வாந்தி, ஒரு விதை மேலே ஏறி நிற்பது ஆகியவை அடையாளம். ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்தால் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குமேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு மலைப்பாதையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் என்றால் இன்னும் கூடும். ஆறு மணி நேரத்தில் பயணத்துக்கே இவ்வளவு போய்விடும் என்பதால் வலி தொடங்கியதுமே 108-ஐக் கூப்பிடுங்கள். அறுவை செய்யும் வசதி எங்கே இருக்கிறதோ அங்கேயே நேராகப் போக வேண்டும் என்று கேளுங்கள். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், உருவிவிட வேண்டாம், போகும் வழியில் எதையும் சாப்பிட வேண்டாம். “வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை” என்று காலைவரை வலியைப் பொறுத்துக்கொள்ளும் பையன்கள்தான் விதையை இழக்கிறார்கள்.

5. பீரியட்ஸ் ஒரு மாசம் வருது, ரெண்டு மாசம் வரல. இது பி.சி.ஓ.டி.யா?

பி.சி.ஓ.டி. என்பது ஹார்மோன் கோளாறால் சினைப்பையில் சிறு சிறு நீர்க்கட்டிகள் தெரியும் நிலை. உடனே அதுதான் என்று முடிவு கட்டாதீர்கள். முதல் இரண்டு, மூன்று ஆண்டு சுழற்சி நிலைப்படாது. முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள்வரை 21 முதல் 45 நாள், ரத்தப்போக்கு 2 முதல் 7 நாள் என்பது இந்த வயதுக்கு இயல்பு. காலண்டரில் முதல் நாளை மட்டும் வட்டம் போட்டு வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே பதில்.

90 நாளுக்குமேல் இடைவெளி விட்டாலோ, கூடவே முகத்தில் முடி, கடும் பரு, உடல் எடை ஏற்றம் இருந்தாலோ பரிசோதிக்க வேண்டும். ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து 13 வயதுப் பெண்ணுக்கு பி.சி.ஓ.டி. என்று முத்திரை குத்துவது சரியல்ல. இந்த வயதின் சினைப்பை ஸ்கேனில் இயல்பாகவே அப்படித் தெரியும்.

6. எவ்வளவு ரத்தம் போனா அதிகம்?

ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து தொடர்ந்து அப்படியே போனால், 10 ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தால், ஏழு நாள் தாண்டினால் அதிகம். மயக்கமும் படபடப்பும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதுக்கு வந்த நாள்முதலே இப்படி என்றாலும், அடிக்கடி மூக்கிலோ ஈறிலோ ரத்தம் வருகிறது என்றாலும் ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். அதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வலியைப் பொறுத்தவரை, முதல் இரண்டு நாள் அடிவயிறு வலிப்பது இயல்பு. வெந்நீர்ப் பை, மெல்ல நடப்பது, டாக்டர் சொன்ன வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, வலி உச்சத்துக்குப் போகும் முன்பே போடுவது ஆகியவை உதவும். மாத்திரை போட்டும் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருந்தால் அது “பொம்பளப் பிள்ளைன்னா அப்படித்தான்” என்று தள்ளிவிடக் கூடிய வலி அல்ல.

7. ஸ்கூல்ல கொடுக்கற நீல மாத்திரை போட்டா வயிறு குமட்டுது. நாங்கதான் நல்லா சாப்பிடறோமே, எதுக்கு அது?

அது இரும்புச்சத்து மாத்திரை. வாரம் ஒன்று, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. பெண்களுக்கு மட்டுமல்ல, பையன்களுக்கும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். மலம் கருப்பாகப் போவது மாத்திரையால்தான், பயம் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை தரும் 400 மில்லிகிராம் குடற்புழு மாத்திரையையும் விடாதீர்கள். புழு இருந்தால் உடம்பில் இரும்பு தங்காது.

நம் மலையில் தனியாகச் சொல்ல வேண்டியது டீ. சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் டீ என்பது இங்கே வீட்டுக்கு வீடு பழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் ராகியிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது, குடல் உறிஞ்ச விடுவதில்லை. டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். அதற்குப் பதில் ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ எடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் பெண்களுக்கு ரத்தசோகை என்பது பொதுக்கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று மெலிந்த இடத்தில் உடம்பு இயல்பாகவே கூடுதல் ஹீமோகுளோபின் வைத்திருக்கும். அதனால் இங்கே வரம்பும் கொஞ்சம் உயரும். 12.2 என்று வந்தால் தப்பித்தோம் என்று நினைக்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.

8. எனக்கு சிக்கிள் செல் இருக்குன்னு கார்டு கொடுத்திருக்காங்க. நான் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதா?

பண்ணிக்கொள்ளலாம், உரிய வயதில். சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்துபோகும் பரம்பரை ரத்தக்குறை. 1952-இல் இந்தியாவில் இந்த ரத்தக்குறை முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். கார்டில் “தாங்கி” என்று இருந்தால் உங்களுக்கு நோய் இல்லை, ஒரு மரபணு மட்டும் இருக்கிறது. தாங்கியும் தாங்கியும் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவர் மட்டும் தாங்கி, மற்றவருக்கு நோயும் இல்லை, அந்த மரபணுவும் இல்லை என்றால் நோயுள்ள குழந்தை பிறக்காது. அதனால் பேச்சு எடுக்கும் முன் இருவரும் கார்டைக் காட்டிக்கொள்வது நல்லது. கார்டை வைத்து யாரையும் ஒதுக்குவது தவறு.

நோயே இருப்பவர்கள் மாதவிடாயின்போதும் கடுங்குளிரிலும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உடம்பைக் கதகதப்பாக வைக்க வேண்டும். குளிரும் நீர்க்குறைவும் வலியைக் கிளப்பும். இவர்களின் சோகை இரும்புக்குறைவால் வருவது அல்ல என்பதால் 7-ஆவது பதிலில் சொன்ன மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம்.

9. நாங்க துணிதான் வைக்கிறோம். மழைக்காலத்துல காயவே மாட்டேங்குது. என்ன பண்றது?

துணி தவறல்ல. ஈரத்துணிதான் தவறு. ஜூன் முதல் கூடலூர்ப் பக்கமும், அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் நாள்கணக்கில் வெயில் எட்டிப்பார்க்காது. அரைகுறையாகக் காய்ந்த துணியை வைத்தால் தொடையிடுக்கில் படை வரும், அரிப்பு வரும்.

வெளுத்த பருத்தித் துணியில் எட்டுத் துண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரை முதலில் ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்பு. வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடாதீர்கள். வெயில் இல்லாத நாளில் பிழிந்து, அடுப்படியில் புகை படாத தூரத்தில் கொடி கட்டிக் காயவைத்து, கடைசியில் இருபுறமும் இஸ்திரி போடுங்கள். மடித்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக் கூடாது. இதெல்லாம் முடியாத வாரத்துக்கு நாப்கின் வைத்துக்கொள்ளுங்கள். 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு அரசு புதுயுகம் திட்டத்தில் இலவசமாகத் தருகிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ பள்ளியிலோ கேளுங்கள்.

துணியோ பேடோ நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் மாற்றுங்கள், நனையாவிட்டாலும். இரவில் கரடி, யானை பயத்தால் வெளியே போக முடியாத வீடுகளில் படுக்கும்முன் புதிதாக மாற்றிக்கொண்டால் விடியும்வரை போதும்.

10. கப் வெச்சா கன்னித்தன்மை போயிடும்னு பாட்டி சொல்றாங்க.

கப் என்பது மாதவிடாய் ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கும் சின்னக் கிண்ணம். கன்னித்தன்மை என்று உடம்பில் ஓர் உறுப்பு இல்லை. பெண்ணுறுப்பின் வாயில் உள்ள சவ்வு நீட்சியுள்ளது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். அதைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது. கப் வைக்கலாமா என்பது உங்கள் சௌகரியம், வேறு ஒன்றுமில்லை. 12 மணி நேரம்வரை தாங்குவதால் கழிவறை கிடைக்காத நாளுக்கு உதவும்.

ஒவ்வொரு சுழற்சிக்கும் முன் கொதிக்க வைக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அது கிருமி சாகப் போதுமான சூடுதான். ஆனாலும் ஐந்து நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் வையுங்கள். கப் பாத்திரத்தின் அடியில் பட்டு உருகாதபடி, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்கட்டும்.

11. யூஸ் பண்ண பேடை எங்க போடறது?

காகிதத்தில் சுற்றி, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். ஓடையில் போட்டால் கீழே உள்ள ஊருக்குக் குடிநீரில் போகும். ஆழமில்லாமல் புதைத்தால் காட்டுப்பன்றியும் நாயும் தோண்டும். கழிவறைக்குள் போட்டால் குழாய் அடைக்கும்.

12. வெள்ளைப்படுது. எலும்பு உருகுதுன்னு சொல்றாங்களே?

எலும்பு உருகாது. நிறமில்லாமலோ, வெள்ளையாகவோ, கோழையாக வருவது உறுப்பு தன்னைத் தானே சுத்தம் செய்வது. மாத நடுவில் கூடும். தயிர்த் திப்பி மாதிரி வந்து அரித்தால் பூஞ்சை (9-ஆவது பதிலின் ஈரத்துணியையும் நினையுங்கள்). மஞ்சள், பச்சை நிறம், கெட்ட வாடை, காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உள்ளே சோப்பு, டெட்டால் ஊற்றிக் கழுவவே வேண்டாம்.

சிறுநீர் போகும்போது எரிந்தால் அது வேறு. பள்ளிக் கழிவறை சரியில்லை என்று காலைமுதல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், குளிரில் தாகமே தெரியாததும் சேர்ந்து சிறுநீர்த் தொற்றைக் கொண்டுவருகின்றன. சுத்தமான கழிவறை கேட்பது உங்கள் உரிமை. பள்ளி கேட்கவில்லை என்றால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-இல் சொல்லலாம்.

13. ஒரே ஒரு தடவைதான். கர்ப்பம் ஆகிடுமா?

ஆகலாம். முதல் தடவை என்று உடம்புக்குத் தெரியாது. முத்தத்தாலோ, ஒரே கழிவறையாலோ ஆகாது, உடலுறவால் ஆகும். 72 மணி நேரத்துக்குள் என்றால் அவசரக் கருத்தடை மாத்திரை உண்டு, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் வைப்பதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 5-ஆவது பதிலில் சொன்னபடி சுழற்சி நிலைப்படாதவர்கள் “தள்ளிப்போனால் பார்ப்போம்” என்று இருக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்துக் காலைச் சிறுநீரில் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

கர்ப்பம் உறுதியானால் பப்பாளி, எள், கடை மாத்திரை என்று நாளைக் கடத்தாதீர்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2021 திருத்தத்தோடு, 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 24 வாரம்வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் கருக்கலைப்பு செய்யலாம். 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வாரம் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

14. நர்ஸக்காகிட்ட சொன்னா அம்மாவுக்குப் போயிடுமா?

மாதவிடாய், வெள்ளைப்படுதல், சுயஇன்பம், மனக்குழப்பம், யார்மீது ஈர்ப்பு என்பதெல்லாம் உங்களுக்கும் அவருக்கும் இடையில்தான். ஒரே பாலினத்தவர் மீது ஈர்ப்பு வருவது நோய் அல்ல, அதை “மாற்ற” எந்த சிகிச்சையும் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் ரகசியம் காக்க முடியாது: உங்கள் உயிருக்கு ஆபத்து, 18 வயதுக்குக் கீழே பாலியல் உறவோ பாலியல் குற்றமோ. இதை முதலிலேயே சொல்லிவிடுவது அவர் கடமை. ஊர்க்காரர் பார்த்துவிடுவார் என்று தயக்கமானால் சுகாதார உதவி எண் 104-இல் போனிலேயே கேட்கலாம்.

15. எனக்கு 17, அவனுக்கு 19. ரெண்டு பேரும் விரும்பித்தான். இதுல என்ன கேஸ்?

போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம், 2012-இல் வந்தது. அதன்படி 18 வயதுக்குக் கீழே சம்மதம் சட்டத்தில் செல்லாது. நீங்கள் விரும்பியிருந்தாலும் அவன்மீது வழக்கு வரும். இருவரும் 18-க்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். காதலிப்பது குற்றமல்ல, உடலுறவும் பாலியல் நோக்கத்தோடு தொடுவதும்தான் சட்டத்துக்குள் வருகின்றன. இதை யாரும் உங்களிடம் நேராகச் சொல்லாமல் மிரட்டலாக மட்டும் சொல்வது எங்களுக்கு வருத்தம்.

வழக்குக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கருக்கலைப்புக்கு வரும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு தெரியாத இடத்தில் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

16. சடங்கு முடிஞ்ச கையோட மாமா பையனுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. எனக்கு 16. நான் என்ன பண்ண முடியும்?

குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம், இலவசம், இரவு பகல் எப்போதும். உங்கள் பெயர் வெளியே போகாது, தோழியும் ஆசிரியரும்கூடக் கூப்பிடலாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆகாமல் நடக்கும் திருமணத்தை நடத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. மாவட்ட சமூகநல அலுவலர்தான் தடுக்கும் அதிகாரி. சிக்னல் சரியில்லாத எஸ்டேட் டிவிஷனில் அவசர உதவி எண் 112 முயலுங்கள், எந்த கம்பெனி டவர் கிடைத்தாலும் போகும்.

நடந்தே முடிந்துவிட்டாலும் வழி இருக்கிறது. 18 ஆகி இரண்டு ஆண்டுக்குள் நீதிமன்றத்தில் அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். பள்ளியை விட்டிருந்தால் திரும்பச் சேரலாம்.

17. என் போட்டோவ மார்ஃப் பண்ணி அனுப்பி, காசு கொடுன்னு மிரட்டறான்.

காசு கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். சாட்டை அழிக்காதீர்கள், பிளாக் செய்யும் முன் எண், ஐடி, நேரம் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். 1930 சைபர் உதவி எண், 1098 இரண்டுமே உதவும். 18-க்குக் கீழ்ப்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் அவன் செய்யும் குற்றம். நீங்கள் அனுப்பிய படமாகவே இருந்தாலும் மிரட்டப்படுபவர் நீங்கள்தான்.

18. நான் ஹாஸ்டல் வார்டன். ஒரு பொண்ணு வந்து, தனக்குத் தப்பு நடந்துடுச்சுன்னு அழுதா. முதல்ல என்ன செய்யணும்?

உட்கார வைத்து, ஒரே ஒரு முறை, அவள் வார்த்தையிலேயே கேளுங்கள். “ஏன் கத்தவில்லை”, “நீ எதற்கு அங்கே போனாய்” என்று கேட்காதீர்கள். தலைமை ஆசிரியர், பஞ்சாயத்துத் தலைவர் என்று ஆளுக்கு ஆள் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். பேசித் தீர்ப்பது என்பது இதில் கிடையாது. 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்வது உங்கள் கட்டாயக் கடமை. சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை, நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டுவரை. வாக்குமூலத்தை அவள் இருக்கும் இடத்துக்கே வந்து, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் எடுக்க வேண்டும். பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். இரு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் தடைசெய்திருக்கிறது, யாராவது செய்ய வந்தால் மறுக்கலாம்.

நடந்து மூன்று நாளுக்குள் என்றால் குளிக்க வைக்காதீர்கள், உடை மாற்ற வைக்காதீர்கள். மாற்றியே விட்டிருந்தால் துவைக்காமல் ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தேங்கித் தடயம் கெட்டுவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும், 13-ஆவது பதிலில் சொன்ன அவசர மாத்திரையும் அதே நேரத்தில். அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தந்தாக வேண்டும். புகார் எண் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. கிளம்பும்போது அவளுக்கு ஒரு மாற்று உடையும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிருக்கும் துணியை ஆஸ்பத்திரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.